நாட்யத்துக்குச் சேவை

ஸ்ரீ நீலகண்டேஸ்வர நாட்யசேவா சங்கம். இப்படி ஒரு பெயர்ப் பலகை நம்மூர்த் தெருவொன்றில் தொங்கினால், பஜனைக் கோஷ்டி என்றோ, வருஷத்துக்கு ஒருமுறை வள்ளி திருமணம் போடுகிறவர்கள் என்றோ எண்ணி நாம் நடையைக் கட்டியிருப்போம். உள்ளே காளிதாசனும் பிரெக்ட்டும் குரோசாவாவும் இருக்கக்கூடும் என்ற சந்தேகம்கூட நமக்கு எழுந்திராது. நம் நவீனத்துவத்தின் பார்வை அவ்வளவு தூரம்தான் போகும்.

கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம், சாகர் தாலுகாவில் ஹெக்கோடு என்று ஒரு கிராமம். மலைநாடு. மழையும் பாக்குத் தோட்டங்களும். 1949ல் அவ்வூர்க்காரர்கள் சிலர் கூடி நாடகம் போடுவதற்காக ஏற்படுத்திக்கொண்டது இந்தச் சங்கம். பின்னால் இதன் மூளையாகவும் முதுகெலும்பாகவும் ஆன கே.வி. சுப்பண்ணாவுக்கு அப்போது வயது 17. நாளடைவில் பெயர் சுருங்கி 'நீனாசம்' என்றாயிற்று. சாமிக்கு ஓர் எழுத்து மிஞ்சியது.

இப்படிப்பட்ட சங்கங்கள் 1949ல் இந்தியா பூராவும் இருந்தன. சுதந்திரம் வந்த சூட்டில் வாசகசாலை, கையெழுத்துப் பத்திரிகை, அமெச்சூர் நாடகம் என்று ஆரம்பிக்காத ஊர் எது? ஆரம்பித்தவர்களுக்குக் கல்யாணமாகி, உத்தியோகம் கிடைத்து, மாற்றலாகிப் போனதும் அவை செத்தன. ஹெக்கோடு சங்கம் ஏன் சாகவில்லை என்பதுதான் கேள்வி. அங்கே இருந்தவர்கள் மேதைகள் என்று பதில் சொல்லித் தப்பித்துக்கொள்வது சுலபம். சுப்பண்ணா மைசூருக்குப் போய்ப் படித்தார். படித்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். பாக்குத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார். 2005ல் சாகும்வரை அவர் விலாசம் மாறவில்லை. இதை நான் ஒரு சரித்திர உண்மையாகச் சொல்கிறேன், தியாகமாக அல்ல. ஊரைவிட்டுப் போக அவருக்குக் காரணம் இல்லை, நிலம் இருந்தது. நிலம் இருந்ததால் இருக்க முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இதற்குப் பிறகு வருகிறேன்.

1957ல் அவர் அக்ஷர பிரகாசன என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். கன்னட நவ்ய இயக்கத்தின் தலைமைக் கவியான கோபாலகிருஷ்ண அடிகர் 1960களில் நடத்திய 'சாக்ஷி' பத்திரிகை வெளிவந்தது இந்தப் பதிப்பகத்திலிருந்துதான். அடிகரே சில வருஷங்கள் சாகர் கல்லூரியில் பிரின்ஸிபாலாக இருந்தார். அதாவது, நாம் சிறுபத்திரிகை என்று எதைச் சொல்கிறோமோ அது அங்கேயும் இருந்தது. அதே முன்னூறு நானூறு பேர், அதே சர்ச்சைகள். ஒரே ஒரு வித்தியாசம். பத்திரிகை வெளியிட்ட கை சாயங்காலம் ஊர் நாடகத்துக்குப் படுதா கட்டிக்கொண்டிருந்தது. இங்கே நாம் எழுதிய விமர்சனங்களில் பாதி, வாசகன் இல்லை, ரசிகன் இல்லை, சூழல் இல்லை என்ற புலம்பல். நானும் புலம்பியவன்தான். சூழல் என்பது வானத்திலிருந்து இறங்கவேண்டிய வஸ்து என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

சொந்த அரங்கம் 1972ல் வந்தது. சங்கம் தொடங்கி 23 வருஷம் கழித்து. சிவராம காரந்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். நாவலாசிரியர், யக்ஷகானத்தில் ஊறியவர், யாருக்கும் அடங்காதவர். அரங்கத்துக்கு வைக்க அவரைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திராது. அடுத்த வருஷம், 1973ல், சித்ரசமாஜ என்ற ஃபிலிம் சொசைட்டி. இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

நகரத்து ஃபிலிம் சொசைட்டிகளை நாம் அறிவோம். நல்ல சினிமாவுக்காக வந்தவர்களும் உண்டு; சென்ஸார் கத்தி படாத ஐரோப்பியப் படம் என்பதற்காக வந்தவர்களும் உண்டு, இரண்டாமவர் அதிகம். கிராமத்தில் 'ரஷோமான்' போடுவது என்றால் அப்போது யாரும் சிரித்திருப்பார்கள். எழுத்து வாசனை குறைந்தவர்கள், ஜப்பானிய பாஷை, ஆங்கில ஸப்-டைட்டில், ஒரே சம்பவத்தை நாலுபேர் நாலு விதமாகச் சொல்லும் கதை. ஹெக்கோட்டில் 'ரஷோமான்' போட்டார்கள். 'பதேர் பாஞ்சாலி' போட்டார்கள். 'பைசைக்கிள் தீவ்ஸ்' போட்டார்கள். புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகத்தில் இருந்த பி.கே. நாயர் படங்களை அனுப்பினார். புனே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் சதீஷ் பகதூர் வந்து சினிமா ரசனை வகுப்பு நடத்தினார். படம் பார்ப்பவனுக்குக் கதைச் சுருக்கம் கன்னடத்தில் சொல்லப்பட்டது, முடிந்தபிறகு பேச்சு. நாயரைப் பற்றி 2012ல் வந்த 'செல்லுலாய்ட் மேன்' என்ற ஆவணப்படத்தில் ஹெக்கோட்டுக்காரர்கள் அந்த நாட்களை நினைத்துப் பேசுகிறார்கள். பார்த்து முப்பது வருஷத்துக்குமேல் ஆகியும் அவர்களுக்குப் படம் ஞாபகம் இருக்கிறது. போன மாதம் பார்த்தது நமக்கு ஞாபகம் இருக்கிறதா?

இதை அதிசயம் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் விஷயத்தைக் கோட்டைவிடுகிறார்கள். 1949லிருந்து 1973 வரை 24 வருஷம் அந்த ஊரில் நாடகம் நடந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் வேஷம் கட்டுவதை, வசனம் மறப்பதை, அடுத்த வருஷம் மறக்காமல் சொல்வதை ஊரே பார்த்திருக்கிறது. அதற்கும் முன்னால் தலைமுறை தலைமுறையாக யக்ஷகானம். ராத்திரி முழுக்க விழித்து, தெரிந்த கதையை இன்றைய ஆட்டக்காரன் எப்படிச் சொல்கிறான் என்று பார்க்கிற பழக்கம். வாலியை வதைத்தது சரியா தப்பா என்று தாளமத்தளையில் மணிக்கணக்காக வாதிடக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு, ஒரு கொலையை நாலுபேர் நாலு விதமாகச் சொல்வது புதிதா என்ன? 'ரஷோமான்' அவர்களுக்குப் புரிந்தது. கல்லூரிப் படிப்பு அந்தப் பழக்கத்தைப் பறிக்காததால்தான் புரிந்தது என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. மிகையாக இருந்தால் இருக்கட்டும்.

பெயரில் உள்ள ஒரு சொல்லை இப்போது திரும்பப் பார்க்கலாம். நாட்யசேவா. மக்கள் சேவை என்றோ கிராம சேவை என்றோ இல்லை, சேவை நாட்யத்துக்கு. 1949ல் பெயர் வைத்தவர்கள் இதை யோசித்து வைத்திருக்கமாட்டார்கள், அந்தக் காலத்து சமஸ்கிருதப் பெயர் வழக்கம் அது. ஆனாலும் பெயர் வழிகாட்டியது. சமூகத்துக்குச் சேவை செய்யக் கிளம்பும் கலை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். குடும்பக் கட்டுப்பாட்டு நாடகம். மதுவிலக்குப் பாட்டு. புரட்சி என்றாலும் அதே கதைதான், கோஷம் வேறு. ஜனங்களுக்கு எது புரியும் என்பதை முன்கூட்டி ஒருவன் தீர்மானித்துவிடுகிறான். அந்தத் தீர்மானத்தில் அவமதிப்பு ஒளிந்திருக்கிறது. ஹெக்கோட்டில் அந்த அவமதிப்பு இல்லை. சாகுந்தலத்தைச் சுப்பண்ணா கன்னடப்படுத்தினார், பிரெக்ட்டைக் கன்னடப்படுத்தினார். தம் ஊர்க்காரன் பார்க்கப்போகிறான் என்பதற்காக அவற்றை மெலியவைக்கவில்லை.

1980ல் ஒரு நாடகப் பள்ளி ஆரம்பமாயிற்று. ஒரு வருஷப் படிப்பு, மாணவர்கள் அங்கேயே தங்கிப் பயில்வது. தில்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்த சிதம்பர ராவ் ஜம்பே அதை நடத்தினார். 1983லிருந்து 1985வரை ஃபோர்டு பவுண்டேஷன் பணத்தில் 'ஜனஸ்பந்தன' என்ற திட்டம். கர்நாடகத்தின் ஊர்களில் நாடகப் பட்டறைகள், சினிமா முகாம்கள். அந்நியப் பணம் என்றதும் நமக்கு வழக்கமான ஜுரம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பணம் வரும்போது சங்கத்துக்கு வயது 34. பணத்தால் பிறந்தவை பணம் நின்றதும் நிற்கும். இங்கே பணம் நின்ற 1985லேயே 'திருகாட்ட' கிளம்பியது.

திருகாட்ட என்றால் சுற்றித் திரிவது. பள்ளியில் பயின்றவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, மழை ஓய்ந்தபின் சில நாடகங்களுடன் மாதக்கணக்கில் கர்நாடகம் பூராவும் போகிறார்கள். ஷேக்ஸ்பியரும் இருக்கும், புதுக் கன்னட நாடகமும் இருக்கும். ஒவ்வோர் ஊரிலும் அவ்வூர்ச் சங்கமோ பள்ளிக்கூடமோ அவர்களை வரவழைத்து, இடம் பார்த்து, டிக்கெட் விற்று, சாப்பாடு போட்டு, ஆட்டத்தை நடத்திக்கொள்ள வேண்டும். சூட்சுமம் இதில் இருக்கிறது. ஹெக்கோட்டிலிருந்து நாடகம் மட்டும் போகவில்லை. போகும் இடமெல்லாம் ஒரு சிறிய ஹெக்கோடு இருந்தாக வேண்டியிருக்கிறது. யக்ஷகான மேளங்களும் பழைய கம்பெனி நாடகங்களும் போட்டுவைத்த தடத்தில்தான் இந்த வண்டி ஓடுகிறது. தடம் தேய்ந்துபோன காலத்தில் அதை மறுபடி மிதித்துப் பாதையாக்கினார்கள்.

இனி, நான் ஒத்திப்போட்ட விஷயம். சமூகம் என்று எத்தனை முறை எழுதிவிட்டேன். யாருடைய சமூகம்? ஹெக்கோட்டுப் பாக்குத் தோட்டங்களுக்குச் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் ஹவ்யகப் பிராமணர்கள். சங்கத்தின் முதல் வட்டமும் பெரிதும் அவர்கள்தான். சங்கம் தொடங்கி இரண்டே வருஷத்தில், 1951ல், அதே சாகர் தாலுகாவில் காகோடு சத்தியாக்கிரகம் நடந்தது. குத்தகை விவசாயிகள் நிலச்சொந்தக்காரர்களை எதிர்த்து எழுந்தார்கள். ராம் மனோகர் லோகியா வந்து கைதானார். சுப்பண்ணாவின் சிந்தனையில் காந்தியோடு லோகியாவும் கலந்திருந்தார் என்பதற்குப் பின்னணி இந்த மண். இருந்தாலும், லோகியாவைப் படிப்பது வேறு, தோட்டத்தில் பாக்கு உரிப்பவன் அரங்கத்துக்குள் வந்து பக்கத்தில் உட்காருவது வேறு. 1974ல் தேவராஜ் அர்ஸின் நிலச்சீர்திருத்தம் குத்தகைக்காரனுக்கு நிலத்தைத் தந்தது. எந்த நாடகமும் செய்திருக்க முடியாத காரியம் அது. சங்கத்தைப் புகழ்கிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள்.

சங்கம் தன் எல்லையை உணர்ந்திருந்தது என்பதற்கு எனக்குத் தென்படும் சாட்சி சித்திகள் ஆடிய நாடகம். சித்திகள், பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். வட கன்னட மாவட்டக் காடுகளை ஒட்டி வாழ்கிறார்கள், கன்னடமும் கொங்கணியும் பேசுகிறார்கள். 1980களில் ஜம்பே மஞ்சிகேரிக்குப் போய், சித்திகளையே நடிகர்களாக வைத்து, சினுவா அச்செபேயின் 1958ம் வருஷத்து நாவலான 'திங்ஸ் ஃபால் அபார்ட்'டை நாடகமாக்கினார். நைஜீரிய எழுத்தாளன் இபோக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியதை, ஆப்பிரிக்காவையே மறந்துவிட்ட ஆப்பிரிக்கர்கள் கன்னடத்தில் ஆடினார்கள். இதற்குப் பின் சித்தி இளைஞர்கள் சிலர் நீனாசம் பள்ளிக்கே மாணவர்களாக வந்தார்கள். இதை வைத்து ஜாதி ஒழிந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு கதவு திறந்தது. அது பாக்குத் தோட்டத்துப் பக்கம் இருந்த கதவு அல்ல, கொஞ்சம் தொலைவில் இருந்தது. பக்கத்துக் கதவுகள் திறப்பதுதான் எப்போதும் கடினம். நீ, நா, சம் என்று அந்தச் சுருக்கப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் நீயும் நானும் சமம் என்று தமிழ்க் காதுக்குக் கேட்கிறது. கன்னடத்திலும் நீ நீதான், நா நான்தான். தற்செயல். நிறைவேறிவிட்ட வாக்குறுதியாக அதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1991ல் சுப்பண்ணாவுக்கு மக்ஸேஸே விருது வந்தது. கிராமம் உலகப் படத்தில் ஒரு புள்ளியாயிற்று. பார்க்க வருகிறவர்களும் எழுத வருகிறவர்களும் அதிகரித்தார்கள். பள்ளியில் பயின்றவர்களுக்குப் பெங்களூரில் மதிப்பு கூடியது. டெலிவிஷனுக்கும் சினிமாவுக்கும் கணிசமானவர்கள் போனார்கள். சதீஷ் என்ற நடிகருக்கு நீனாசம் என்பதே பெயரோடு ஒட்டிய அடைமொழியாகிவிட்டது. கிராமத்துக்கென்று ஏற்பட்ட பள்ளி சீரியலுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறதே என்று குறை சொல்லலாம். சொல்கிறார்கள். அந்தப் பையன் ஊரிலேயே இருந்திருந்தால் எதைத் தின்றிருப்பான் என்று குறை சொல்கிறவர்களைக் கேட்கவேண்டும். தோட்டம் இருந்த சுப்பண்ணா ஊரில் இருந்தார். தோட்டம் இல்லாதவன் பஸ் ஏறினான்.

சென்னையில் 1977ல் ந. முத்துசாமி ஏற்படுத்திய கூத்துப்பட்டறையை இதோடு சேர்த்து யோசிப்பது நமக்குத் தவிர்க்கமுடியாதது. அவர் புரிசையில் கண்டதை நகரத்துக்குக் கொண்டுவந்து நவீன நடிகனின் உடம்பில் ஏற்றினார். அருமையான காரியம். ஆனால் புரிசை புரிசையிலேயே இருந்தது, பட்டறை பட்டணத்திலேயே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஊர்களில் அவர்களை வரவழைத்து, டிக்கெட் விற்று, சாப்பாடு போட ஆள் இருக்கவில்லை. இதற்கு முத்துசாமியைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த ஊர்களில் இருந்தவர்கள் நாம்தான். கதை எழுதி, கவிதை எழுதி, சென்னைக்குத் தபாலில் சேர்த்துக்கொண்டிருந்தோம்.

சுப்பண்ணாவுக்குப் பின் அவர் மகன் கே.வி. அக்ஷர பொறுப்பைத் தாங்கினார். நாடகக்காரர், தில்லியிலும் இங்கிலாந்தில் லீட்ஸிலும் படித்தவர், அவரும் ஊருக்குத் திரும்பியவர். ஸ்தாபனம் குடும்பச் சொத்தாகிவிடாதா என்ற கேள்வி அதனால் எழுந்தது, எழவேண்டியதுதான். அக்டோபரில் அங்கே கலாச்சார முகாம் நடக்கிறது. 2014ல் காலமாகும்வரை யு.ஆர். அனந்தமூர்த்தி அதில் ஆண்டுதோறும் போலப் பங்கெடுத்தார். பள்ளி ஆசிரியர்கள், மாணவர்கள், எழுத ஆரம்பித்தவர்கள் என்று பல இடத்திலிருந்தும் வருகிறார்கள். பகலில் பேச்சும் வாதமும். சாயங்காலம் அந்த வருஷத்துத் திருகாட்ட நாடகங்கள், ஊர்க்காரர்களும் வந்து உட்கார்ந்திருக்க, சிவராம காரந்த் அரங்கில் மேடையேறுகின்றன. அங்கே ஆடிக் காட்டிய பிறகுதான் வண்டி வெளியூருக்குக் கிளம்புகிறது.