முதலாளியின் கண் எட்டாத இடம்: முகாமைத்துவப் பட்டப்படிப்பு வந்த வரலாறு

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியும் வெளியானால் நமது ஊர்களில் ஒரு பேச்சு அடிபடும்.

"மகனுக்கு என்னத்துக்குக் கிடைச்சிருக்கு?"
"மெனேஜ்மன்ட்."
"ஆ... சரி, பரவாயில்ல."

அந்த "பரவாயில்ல" என்ற ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிடும். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் நாம் வாழ்த்துச் சொல்கிறோம். முகாமைத்துவத்துக்கு ஆறுதல் சொல்கிறோம்.

கூடவே இன்னொரு கேள்வியும் வரும். "நாங்க பரம்பரை பரம்பரையா யாவாரம் செய்ற ஆக்கள். யாவாரம் படிக்க நாலு வருஷம் கெம்பஸ் போகணுமா? கடையில ரெண்டு வருஷம் நின்டா போதாதா?"

இது நியாயமான கேள்விதான். இந்தப் பட்டப்படிப்பை உலகத்தில் முதன்முதலில் தொடங்கியவர்களும் இதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நமது பிள்ளைகள் முதலாம், இரண்டாம் வருடங்களில் படிக்கும் பாடங்கள் யாரோ ஒருவர் அறையில் உட்கார்ந்து யோசித்து எழுதிய பட்டியல் அல்ல. ஒவ்வொரு பாடத்துக்கும் பின்னால் யாரோ பட்ட கஷ்டம் ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

▪ கணக்குக் கொப்பி

முதல் நாளிலேயே பிள்ளைகளின் தலையில் விழுவது கணக்கீடு. வரவு, செலவு, பேரேடு, பரீட்சை மீதி.

இந்த இரட்டைப் பதிவு முறையை அச்சு நூலில் முதன்முதலில் விளக்கி எழுதியவர் லூக்கா பசியோலி என்ற இத்தாலியக் கிறிஸ்தவத் துறவி. 1494 இல் வெனிஸ் நகரில் அச்சான அவரது கணித நூலின் ஒரு பகுதியில் அது வருகிறது. அந்த முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வியாபாரிகள் ஏற்கெனவே செய்துவந்ததை ஒழுங்குபடுத்தி எழுதினார். அதாவது, கடையில் இருந்த அறிவுதான் புத்தகத்துக்குப் போனது.

அந்த வியாபாரிகளின் கைக்கு இலக்கங்கள் வந்த வழியும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் பிறந்து அரபு உலகத்தில் வளர்ந்த இலக்கங்கள் அவை. பீசா நகரத்து பிபோனாச்சி, சிறுவயதில் தன் தகப்பன் கடமை பார்த்த அல்ஜீரியத் துறைமுகமான பிஜாயாவில் அவற்றைக் கற்றார். 1202 இல் அவர் எழுதிய நூலில் இலாபக் கணக்கு, கூட்டு வியாபாரக் கணக்கு, நாணயமாற்றுக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. அதற்கும் முன்னால், 9 ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய அல்ஜிப்ரா நூலின் ஒரு பெரிய பகுதி வாரிசுச் சொத்தைப் பங்கிடும் கணக்குகள்.

குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வது பற்றியது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நமது கடைகளில் எத்தனை கூட்டு வியாபாரங்கள் வெறும் வாய்ப்பேச்சில் ஓடுகின்றன? இருவரும் உயிரோடு இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஒருவர் மௌத்தானதும் "வாப்பா போட்டது எவ்வளவு, சாச்சா எடுத்தது எவ்வளவு" என்று பிள்ளைகள் பள்ளிவாசலுக்கும் நீதிமன்றத்துக்கும் அலைகிறார்கள். கணக்கீடு என்ற பாடம் அந்த இடத்துக்குத்தான்.

▪ மோதிக்கொண்ட இரண்டு புகையிரதங்கள்

அடுத்த பாடம் முகாமைத்துவக் கோட்பாடுகள். நிறுவனக் கட்டமைப்பு, அதிகாரப் படிநிலை, பொறுப்புக் கூறல். பரீட்சைக்கு முந்திய இரவு பிள்ளைகள் சலிப்போடு மனனம் செய்யும் பகுதி இது. இதற்குப் பின்னால் இரத்தம் சிந்திய ஒரு கதை இருக்கிறது.

1841 ஒக்டோபர் 5 ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்டர்ன் ரெயில்ரோட் கம்பனியின் இரண்டு பயணிகள் புகையிரதங்கள் ஒற்றைப் பாதையில் நேருக்கு நேர் மோதின. இருவர் இறந்தார்கள். 17 பேர் காயப்பட்டார்கள். பாதை 150 மைலுக்கும் நீளமானது. எதிரும் புதிருமாக வண்டிகள் ஓடும் அந்தப் பாதையில் யார் யாருக்குக் கட்டளையிடுவது, யார் எதற்குப் பொறுப்பு என்பது தெளிவாக இருக்கவில்லை.

விசாரணைக்குப் பிறகு கம்பனி பாதையைப் பிரிவுகளாகப் பிரித்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் பொறுப்பானவர், அவர் யாருக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் வந்தன. நவீன முகாமைத்துவப் படிநிலையின் ஆரம்பங்களில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் இதைச் சொல்கிறார்கள்.

சில வருடங்களுக்குப் பிறகு ஈரி ரெயில்ரோட் கம்பனியின் பொது அத்தியட்சகர் டேனியல் மக்கலம் இதை இன்னும் தெளிவாக்கினார். 50 மைல் பாதையென்றால் அதன் பொறுப்பாளர் ஒவ்வொரு ஊழியரையும் நேரில் அறிந்து, எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளலாம். 500 மைலுக்கு அது சரிவராது; அங்கே ஆளை நம்பாமல் ஒழுங்குமுறையை உருவாக்க வேண்டும். இதுதான் அவரது வாதத்தின் சாரம். 1855 இல் அவர் தயாரிப்பித்த நிறுவன வரைபடம் ஒரு மரம்போல இருக்கும். அடியில் பணிப்பாளர் சபையும் தலைவரும். மேலே கிளை கிளையாக ஊழியர்கள். உலகின் முதல் நிறுவன வரைபடம் என்று பலரும் சொல்வது இதைத்தான்.

இந்த இடத்தில் நமது ஊர் முதலாளிமாரைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். ஒரு கடை இருக்கும்வரை சிறப்பாக நடக்கும். முதலாளி கல்லாவில் இருப்பார், கண் எல்லா இடத்திலும் இருக்கும். பக்கத்து ஊரில் இரண்டாவது கடை, கொழும்பில் மூன்றாவது கடை என்று வந்ததும் சறுக்கல் தொடங்கும். சரக்கு எங்கே போனது என்று தெரியாது. மச்சானைப் பொறுப்புக்குப் போட்டால் மச்சானோடு பகை. நாம் அதைக் கண்ணூறு என்போம், ராசி என்போம். மக்கலம் கேட்டிருந்தால் 50 மைல் கடந்து 500 மைலுக்கு வந்துவிட்டீர்கள் என்று சொல்லியிருப்பார்.

முதலாளியின் கண் எட்டாத இடத்தில்தான் முகாமைத்துவம் என்ற கல்வி பிறந்தது. கடையில் இரண்டு வருடம் நின்றால் ஒரு கடையை நடத்தப் பழகலாம். கண்ணில் படாத கடையை நடத்த வேறு பயிற்சி வேண்டும்.

▪ பல்கலைக்கழகத்துக்குள் வந்த வியாபாரம்

1881 இல் ஜோசப் வார்ட்டன் என்ற தொழிலதிபர் ஒரு இலட்சம் டொலரைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து ஒரு வணிகப் பாடசாலையைத் தொடங்க வைத்தார். ஐக்கிய அமெரிக்காவில் பல்கலைக்கழக மட்டத்தில் அதுதான் முதலாவது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, வார்ட்டன் தானே இளவயதில் ஒரு வணிகக் கடையில் வேலை பழகி, கணக்கு எழுதக் கற்றவர். கடைப் பயிற்சியின் அருமை தெரிந்தவர். இருந்தும், கடையில் நின்று பழகுவது மட்டும் இனிப் போதாது என்று முடிவெடுத்தவர்.

அதன்பின் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் 1902 இல் வர்த்தக பீடத்தை அமைத்தது. 1908 இல் ஹார்வர்ட், எம்.பீ.ஏ பட்டத்தைத் தொடங்கியது. நமது பிராந்தியத்தில் 1913 இல் பம்பாயில் சிடன்ஹாம் வர்த்தகக் கல்லூரி வந்தது.

▪ நாம் மனனம் செய்யவைக்கும் பெயர்கள்

டெய்லர், பயோல், மாயோ. வணிகக் கல்வி படித்த எல்லோருக்கும் தெரிந்த மூன்று பெயர்கள். இவர்களை ஒருவரோடு ஒருவர் விவாதிக்கும் மூன்று மனிதர்களாகப் பார்த்தால் பாடம் சுலபமாக விளங்கும்.

பிரெடரிக் டெய்லர் இரும்பு ஆலையில் வேலை பார்த்தவர். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்க வேண்டும் என்பதை நிறுத்தற் கடிகாரம் வைத்து அளந்தார். 1911 இல் அவரது விஞ்ஞானபூர்வ முகாமைத்துவம் பற்றிய நூல் வந்தது. அதே வருடம் வோட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் அந்தக் கடிகாரத்தை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணை வைத்தது. மனிதனை இயந்திரம்போல அளக்கலாமா என்பதுதான் அங்கே கேள்வி.

ஹென்றி பயோல் இஸ்தான்பூலில் பிறந்த பிரெஞ்சுக்காரர். சுரங்கப் பொறியியலாளர். வங்குரோத்தாகும் நிலையில் இருந்த சுரங்கக் கம்பனியை 1888 இல் பொறுப்பெடுத்து நிமிர்த்தியவர். அந்த அனுபவத்தை 1916 இல் எழுதினார். அவரது 14 தத்துவங்களையும் வரிசை பிசகாமல் ஒப்புவிக்க நாம் பிள்ளைகளைப் பழக்குகிறோம். ஆனால் பயோலே, தத்துவங்களுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, தான் அதிகம் பயன்படுத்தியவற்றைத்தான் எழுதுகிறேன் என்ற கருத்தில்தான் எழுதினார். அவரது பெரிய கவலை இன்னொன்று: முகாமைத்துவம் கற்பிக்கக்கூடிய விடயம், பாடசாலைகளில் அதைக் கற்பிக்க வேண்டும் என்பது.

எல்டன் மாயோவின் பெயரோடு வருவது ஹோத்தோன் ஆய்வுகள். சிக்காகோவுக்கு அருகில் வெஸ்டர்ன் இலெக்ட்ரிக் கம்பனியின் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்தவை. வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்க்கத் தொடங்கினார்கள். வெளிச்சத்தால் மட்டும் அதற்கு விளக்கம் சொல்ல முடியவில்லை. தொழிலாளர்களின் உறவுகள், தங்களை ஒருவர் கவனிக்கிறார் என்ற உணர்வு ஆகியவற்றின் பக்கம் ஆய்வு திரும்பியது. முடிவுகள் பற்றிப் பிற்காலத்தில் நிறைய வாதப் பிரதிவாதங்கள் நடந்தன. ஆனாலும் மனிதவள முகாமைத்துவம், நிறுவன நடத்தை போன்ற பாடங்களுக்கு அங்கிருந்துதான் ஒரு பாதை திறந்தது.

▪ ஏன் இவ்வளவு கணிதம்?

முகாமைத்துவத்துக்குப் போன பிள்ளைகள் திகைத்து நிற்கும் இடம் புள்ளிவிபரவியலும் கணிதமும். அதற்கும் காரணம் உண்டு. 1959 இல் ஐக்கிய அமெரிக்காவில் போர்ட் மன்றத்துக்காகவும் கார்னகி நிறுவனத்துக்காகவும் இரண்டு அறிக்கைகள் வெளியாகின. வணிகப் பட்டப்படிப்புகள் தரம் குறைந்தவை, வெறும் தொழில் விபரங்களைச் சொல்லிக்கொடுக்கின்றன என்று இரண்டும் கடுமையாக விமர்சித்தன. கணிதம், புள்ளிவிபரம், பொருளியல், நடத்தை விஞ்ஞானம் ஆகியவை பாடத்திட்டத்தில் பலமாக இடம்பிடித்தது அதற்குப் பிறகுதான்.

அந்த 1959 இல்தான் நமது நாட்டில் வித்தியோதய பல்கலைக்கழகம் உருவானது. பின்னர் ஸ்ரீ ஜயவர்தனபுர என்று பெயர் மாறி, முகாமைத்துவக் கல்விக்குப் பெயர் பெற்ற இடமாக வளர்ந்தது அதுதான். யுத்தகாலத்தில் நமது பிள்ளைகள் வடக்கு, கிழக்குப் பல்கலைக்கழகங்களுக்குப் போய்ப் படிக்க முடியாமல் தவித்த சூழலில், 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1996 இல் முழுப் பல்கலைக்கழகமானது. அங்கே ஆரம்பத்தில் அமைந்த பீடங்களில் ஒன்று முகாமைத்துவ வர்த்தக பீடம். "பரவாயில்ல" என்று நாம் சொல்லும் இந்தப் படிப்பு, அன்று நமது சமூகம் முதலில் கேட்டு வாங்கியவற்றில் ஒன்று.

▪ பட்டம் தராத ஒன்று

இந்தப் படிப்பின் இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2001 இல் சரிந்துபோன என்ரோன் கம்பனியை நடத்தியவர்கள் படிக்காதவர்கள் அல்ல. அதன் தலைமை நிறைவேற்று அதிகாரியாக இருந்த ஜெப்ரி ஸ்கில்லிங் ஹார்வர்டில் எம்.பீ.ஏ முடித்தவர். நமது நாட்டில் 2008 இல் கோல்டன் கீ நிறுவனம் விழுந்தபோது ஆயிரக்கணக்கான வைப்பாளர்கள் தெருவில் நின்றார்கள். இப்படிப்பட்ட சரிவுகளுக்குப் பிறகுதான் வணிக ஒழுக்கவியல், கூட்டாண்மை ஆளுகை என்ற பாடங்களுக்கு எல்லா இடத்திலும் முக்கியத்துவம் கூடியது. கண் எட்டாத இடத்தைக் கணக்கில் கொண்டுவரப் பட்டம் கற்றுத்தரும். அமானிதத்தை வீட்டிலிருந்தும் பள்ளியிலிருந்தும்தான் கொண்டுபோக வேண்டும்.

▪ நாம் என்ன செய்யலாம்?

ஹார்வர்டில் ஆரம்ப காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வியாபாரிகளை வகுப்புக்கு அழைப்பார்கள். அவர்கள் தங்கள் தொழிலில் உண்மையாக உள்ள ஒரு சிக்கலை மாணவர் முன் வைப்பார்கள். மாணவர்கள் தீர்வு எழுதிக் கொடுப்பார்கள். வியாபாரி திரும்ப வந்து அவற்றைப் பற்றிப் பேசுவார். இன்று உலகம் முழுக்க நடக்கும் சம்பவக் கற்கை முறைக்கு அதுவும் ஒரு வேர்.

இதற்குப் பெரிய காசு தேவையில்லை. நமது பாடசாலைகளில் வர்த்தகப் பிரிவு இருக்கிறது. பாடசாலை மதிலுக்கு வெளியே அரிசி ஆலை, ஹார்ட்வெயார், புடவைக் கடை, மீன் ஏற்றுமதி எல்லாம் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்த மதில் மட்டும்தான். பயோலை மனனம் செய்யும் பிள்ளைக்குக் கடை தெரியாது. கடையை நடத்தும் முதலாளிக்கு பயோலைத் தெரியாது.

ஆகவே ஊரில் உள்ள வியாபாரிகளிடம், ஆசிரியர்களாகிய எங்களது வேண்டுகோள் இது. பரிசளிப்பு விழாவுக்கு நீங்கள் தரும் உதவிக்கு நன்றி. அடுத்த தவணையில் ஒரு மணித்தியாலமும் தாருங்கள். உங்கள் தொழிலில் இன்றுவரை தீராத ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள். இலாப விபரம் சொல்ல வேண்டியதில்லை. கடன் வாங்கியவர் திருப்பித் தராதது, சரக்குக் குறைவது, வேலைக்கு ஆள் நிற்காதது எதுவானாலும் சரி. பிள்ளைகள் தீர்வு எழுதித் தரட்டும். அதில் எது சரிவரும், எது சரிவராது என்று நீங்களே அவர்களுக்குச் சொல்லுங்கள்.

விருப்பமுள்ளவர்கள் அறியத்தாருங்கள். நேரசூசியை உங்கள் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ள நாங்கள் தயார்.