கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டறிவதில் செல் நுண்பைகள்: முதல் வாசலா, இரண்டாம் வாசலா?

முன்னுரை

1983ஆம் ஆண்டு இரண்டு கண்டுபிடிப்புகள் ஒன்றையொன்று அறியாமல் வெளிவந்தன. முதிராச் சிவப்பணுக்கள் தமக்கு இனி வேண்டாத டிரான்ஸ்ஃபெரின் ஏற்பிகளைச் சின்னஞ்சிறு பைகளில் வைத்து வெளித்தள்ளுவதை மொன்றியலில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவும் செயின்ட் லூயிஸில் ஃபிலிப் ஸ்டால் குழுவும் தனித்தனியே கண்டன. அதே ஆண்டில் ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹவுசன் குழு, கருப்பைவாய்ப் புற்றுத் திசுக்களில் எச்.பி.வி. (மனிதப் பாப்பிலோமா வைரஸ்) 16 வகையின் மரபுப்பொருளை இனங்கண்டது. எக்சோசோம் என்று பின்னர் பெயர் பெற்ற அந்தப் பைகள் வெகுநாள் செல்லின் குப்பைக்கூடை என்றே கருதப்பட்டன. அவற்றுக்குள் தூது ஆர்.என்.ஏ.வும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் இருப்பதை 2007இல் சுவீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் காட்டிய பிறகே, நோயைக் காட்டிக்கொடுக்கும் சாட்சிகளாக அவை பார்க்கப்பட்டன. இன்று அந்த இரு கண்டுபிடிப்புகளும் ஒரே ஆய்வு மேசையில் சந்திக்கின்றன.

எச்.பி.வி. சோதனையின் இடத்தை நுண்பைகள் பிடிக்கப்போவதில்லை, அதற்கு அடுத்த படியில்தான் அவற்றுக்கு இடம் உண்டு, அந்த இடத்துக்கான சான்றை இதுவரை வந்த ஆய்வுகளின் வடிவம் தரவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் வாசல் ஏற்கெனவே உள்ளது

2022இல் உலகில் ஏறத்தாழ 6,60,000 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 3,50,000 பேர் இறந்தனர். இத்தனைக்கும், தடுப்பதற்கு நெடிய அவகாசம் தரும் புற்றுநோய் இது. இதற்குக் காரணமான எச்.பி.வி. தொற்று புற்றாக மாறப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் எளிய சோதனைகூட உயிர் காக்கும் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டமே சான்று. அங்கு 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்கள் சேர்க்கப்பட்ட குழுவில், கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவி வெறுங்கண்ணால் பார்க்கும் சோதனைக்கு ஒரே ஒரு முறை வாய்ப்பு அளிக்கப்பட்டது. சோதனை செய்யப்படாத குழுவைவிட இக்குழுவில் நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததாக 2007இல் முடிவுகள் வெளியாயின. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் 1,31,746 பெண்களைக் கொண்டு நடந்த, 2009இல் வெளியான ஆய்வில், ஒருமுறை செய்த எச்.பி.வி. சோதனை இறப்பை ஏறக்குறைய பாதியாக்கியது.

ஆகவே, நோய் இல்லாதவரை ‘இல்லை’ என்று நம்பிக்கையோடு அனுப்பிவைக்கும் எச்.பி.வி. சோதனை கைவசம் உள்ளது. குறை வேறிடத்தில் இருக்கிறது. எச்.பி.வி. தொற்றுகளில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே மறையும். சோதனையில் வைரஸ் தென்பட்ட பெண்களுள் யாருக்கு முன்புற்று மாற்றம் உள்ளது, யாரை அச்சுறுத்தாமல் வீட்டுக்கு அனுப்பலாம் என்று பிரிப்பதே இன்றைய சிக்கல். இந்த இரண்டாம் வாசலில் நின்றுதான் நுண்பையை எடைபோட வேண்டும்.

நுண்பை ஏன் பேசக்கூடும்?

எக்சோசோமின் விட்டம் சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். அதன் கொழுப்புப் படலம், உள்ளிருக்கும் ஆர்.என்.ஏ.வை உடல்நீர்களின் நொதிகளிடமிருந்து காக்கிறது. எச்.பி.வி.யின் இ6, இ7 புரதங்கள் பி53, ஆர்பி என்னும் காவல் புரதங்களை முடக்கிச் செல்லைக் கட்டவிழ்த்து விடுகின்றன. கருப்பைவாய்ப் புற்றிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஹீலா செல்களில் இந்த இரு வைரஸ் மரபணுக்களையும் அடக்கினால் அச்செல்கள் வெளியிடும் நுண்பைகளின் உள்ளடக்கமும் மாறுவதை ஆய்வகம் காட்டியுள்ளது. உள்ளே வைரஸ் செய்யும் வேலையின் தடம் வெளியே வரும் பையில் பதிகிறது என்பது, ஆக, வெறும் ஊகமன்று.

எந்த நீரில் தேடுவது?

ஒரு சொட்டு இரத்தத்தில் எல்லாப் புற்றையும் காணும் கனவு கவர்ச்சியானதுதான். முன்புற்று மாற்றத்துக்கு அது பொருந்துமா என்பது ஐயமே. அம்மாற்றம் மேல்தோல் படலத்துக்குள், அடித்தளச் சவ்வைத் தாண்டாமல், இரத்தக் குழாய் இல்லாத அடுக்கில் நிகழ்கிறது. இரத்தத்திலோ தட்டணுக்களும் பிற இரத்தச் செல்களும் வெளியிடும் நுண்பைகள் நிறைந்து கிடக்கின்றன. சில மில்லிமீட்டர் திட்டு ஒன்றின் குரல் அந்தச் சந்தை இரைச்சலில் கேட்பது அரிது. பரவிய நோயைத் தொடர்ந்து கண்காணிக்க இரத்தம் உதவலாம். முன்புற்றைக் காண யோனி, கருப்பைவாய்ச் சுரப்பு நீரே இயல்பான இடம். அங்கும் இடர் உண்டு. சளி பிரித்தெடுத்தலுக்கு இடையூறாகும். அங்கு வாழும் பாக்டீரியாக்களும் தம் பங்குக்கு நுண்பைகளை வெளியிடுகின்றன.

சான்றும் இடைவெளியும்

யோனி, கருப்பைவாய் நீரில் எடுத்த எக்சோசோம்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-21, 146ஏ ஆகியவை புற்றுநோயாளிகளிடம் மிகுந்திருப்பதாக 2014இல் சீன ஆய்வாளர்கள் அறிவித்தனர். அதே ஆய்வில், புற்று இல்லாதவர்களிலும் எச்.பி.வி. உள்ளவர்களிடம் அளவு கூடியிருந்தது. சிக்கலின் முடிச்சு இங்கேதான். குறியீடு வைரஸைத் தொடர்ந்து உயர்கிறது என்றால், வைரஸ் இருப்பதை ஏற்கெனவே அறிந்த பெண்ணுக்கு அது புதிதாக எதைச் சொல்லும்? மேலும் மைக்ரோ ஆர்.என்.ஏ.-21 பல புற்றுநோய்களிலும் அழற்சியிலும் உயர்வது. புற்று முற்றியவரையும் நலமானவரையும் எதிரெதிரே நிறுத்தும் ஆய்வு, எளிய கேள்விக்குச் சரியான விடை தருகிறது. மருத்துவரின் கேள்வியோ அது அன்று.

அளவியல் சிக்கலும் குறைந்ததன்று. குறிப்பிட்ட ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ., சராசரியாகப் பைக்கு ஒரு மூலக்கூறுக்கும் மிகக் குறைவாகவே இருப்பதை 2014இல் வெளியான ஓர் அளவீடு காட்டியது. கோடிக்கணக்கான பைகளைத் திரட்டினால்தான் குறியீடு தெரியும். ஒரு லட்சம் மடங்கு புவியீர்ப்பு விசையில் மணிக்கணக்காகச் சுழற்றும் மையவிலக்கியை வட்டார மருத்துவமனையில் எதிர்பார்க்க இயலாது. ஒவ்வோர் ஆய்வகமும் ஒவ்வொரு வழியில் பிரித்தெடுப்பதால் எண்களை ஒப்பிடுவதும் கடினம்.

உண்மையான போட்டியாளர்

இரண்டாம் வாசல் காலியாகவும் இல்லை. செல்களில் பி16, கேஐ-67 என்னும் புரதங்களைக் காட்டும் இரட்டைச் சாயச் சோதனை அங்கு முன்பே நிற்கிறது. ஆனால் அதற்குச் சிதையாத செல்கள் தேவை, பெண் தானே எடுத்துத் தரும் மாதிரிக்கு அது எளிதில் ஒத்துவராது. டி.என்.ஏ.வில் ஏறும் மெத்தில் குறிகளை அளக்கும் மெத்திலேற்றச் சோதனைக்கோ தானெடுத்த மாதிரியே போதும். எனவே நுண்பை வெல்ல வேண்டியது மெத்திலேற்றத்தை. ஒரே மாதிரியில் இரண்டையும் சேர்த்து அளந்தால் கணிப்பு கூர்மையாகிறதா என்று பார்ப்பதும் தகும்.

முடிவுரை

இனிவரும் ஆய்வு எச்.பி.வி. உறுதியான பெண்களை மட்டுமே சேர்க்க வேண்டும். திசுச் சோதனையில் உறுதியான உயர்நிலை முன்புற்றை அளவுகோலாகக் கொள்ள வேண்டும். மெத்திலேற்றத்தோடு நேருக்கு நேர் ஒப்பிட வேண்டும். சில ஆண்டுகளேனும் அப்பெண்களைப் பின்தொடர வேண்டும். ஒரு முன்புற்றையும் தவறவிடாமல், நூறு பெண்களில் எத்தனை பேரைத் தேவையற்ற கால்போஸ்கோப்பியிலிருந்து (கருப்பைவாயை உருப்பெருக்கிப் பார்க்கும் சோதனை) நுண்பை விடுவித்தது என்ற எண்ணை அத்தகைய ஆய்வு தரும். அந்த எண் கைக்கு வரும்வரை நுண்பையின் இடம் ஆய்வகம். திண்டுக்கல்லிலும் உஸ்மானாபாத்திலும் பயன் தந்த சோதனைகளின் இடம் கிராமம்.