இரண்டாம் அவென்யூவின் பேருந்து

எம்15 என்பது நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவில், கிழக்குப் பக்கமாக ஓடும் பேருந்து வழித்தடம். முதலாம் அவென்யூவும் இரண்டாம் அவென்யூவும் ஒருவழிச் சாலைகள். ஆகவே பேருந்து வடக்கே போகும்போது முதலாம் அவென்யூவிலும், தெற்கே திரும்பும்போது இரண்டாம் அவென்யூவிலும் செல்கிறது. நகரின் மிக நெரிசலான சுரங்க ரயில் பாதைக்கு அருகில் ஓடுவதே இதற்கு வரலாற்று முக்கியத்துவத்தைத் தந்தது.

அந்த ரயில் பாதை லெக்சிங்டன் அவென்யூ பாதை. இரண்டாம் அவென்யூப் பாதையின் முதல் பகுதி திறக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டுகளில் நாளொன்றுக்குச் சுமார் 13 லட்சம் பேர் அதில் பயணம் செய்தனர். வாஷிங்டன் நகரின் மெட்ரோ ரயில்கள் அனைத்தும் சேர்ந்து ஏற்றியதைவிட இது அதிகம். காலை வேளையில் நடைமேடையில் நிற்பவர் ஏற இடமின்றி ஒன்றிரண்டு ரயில்களைப் போகவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பது அங்கு வழக்கமாகிவிட்டது.

நெரிசலின் தோற்றம்

இந்த நெரிசலை நகரமே வரவழைத்துக்கொண்டது எனலாம். கிழக்குப் பகுதியில் இரும்புத் தூண்களின்மேல் இரண்டு ரயில் பாதைகள் முன்பு இருந்தன. மூன்றாம் அவென்யூவில் 1878இலும், இரண்டாம் அவென்யூவில் 1880இலும் அவை ஓடத் தொடங்கின. இரைச்சலும் புகையும் தெருவை இருளாக்கும் நிழலும் அவற்றின்மீது வெறுப்பை வளர்த்தன. அவற்றுக்கு ஈடாக இரண்டாம் அவென்யூவுக்கு அடியில் சுரங்கப் பாதை அமைக்கும் திட்டம் 1929இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி அதைக் கிடப்பில் போட்டது. ஆனால் இடிப்பு நிற்கவில்லை. இரண்டாம் அவென்யூத் தூண்பாதை 1942இல் முற்றிலும் மறைந்தது. மன்ஹாட்டனில் மூன்றாம் அவென்யூத் தூண்பாதை 1955இல் மூடப்பட்டது. புதியது வருமுன்னே பழையதை அகற்றியதால் மூன்று பாதைகளின் பாரம் ஒன்றின் தலையில் விழுந்தது.

1951இல் நகர வாக்காளர்கள் 50 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கு ஒப்புதல் அளித்தனர். இரண்டாம் அவென்யூப் பாதைக்கென்று மக்கள் நம்பி வாக்களித்த அந்தப் பணம் பழைய பாதைகளைச் செப்பனிடுவதில் கரைந்தது. 1972இல் ஒருவழியாகத் தோண்டத் தொடங்கினார்கள். 1975இல் நகரம் திவாலாகும் நிலைக்கு வந்தபோது அந்த வேலையும் நின்றது. தோண்டிய சுரங்கத் துண்டுகள் வெறுமையாகக் கிடந்தன. கிழக்கு ஓரத்தில் யார்க் அவென்யூவில் குடியிருப்பவர் ரயில் பிடிக்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது.

2010 மாற்றம்

மிச்சம் இருந்தது பேருந்துதான். எம்15இல் நாள்தோறும் 50,000க்கும் மேற்பட்டோர் பயணம் செய்தனர். ஆனால் வண்டி ஊர்ந்தது. சிவப்பு விளக்குகள் ஒருபுறம் இருக்க, நேரத்தைப் பெரிதும் தின்றது நிறுத்தங்கள். ஒவ்வொரு பயணியும் முன்வாசலில் ஏறி, ஓட்டுநர் அருகிலுள்ள பெட்டியில் கட்டணம் செலுத்தி முடிக்கும்வரை வண்டி நகர முடியாது. ஐம்பது பேர் ஏறினால் ஐம்பது முறை அந்தத் தாமதம்.

பிராங்க்ஸ் பகுதியின் போர்டம் சாலை வழியாகச் செல்லும் பேருந்தில் 2008இல் சோதித்துப் பார்த்த 'செலக்ட் பஸ் சர்வீஸ்' முறை, 2010 அக்டோபரில் எம்15க்கு வந்தது. அப்போது பயணி நிறுத்தத்திலிருந்த இயந்திரத்தில் முன்கூட்டியே கட்டணம் செலுத்திச் சீட்டு எடுத்துக்கொண்டார். பிறகு எந்த வாசலிலும் ஏறலாம். சோதனையாளர் கேட்கும்போது சீட்டு இல்லையென்றால் அப்போது 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. விரைவுப் பேருந்துக்கு எட்டுப் பத்துத் தெருக்களுக்கு ஒரு நிறுத்தம்தான். வண்டிகள் நடுவில் மடியும் இரட்டைப் பேருந்துகள். சாலையில் செங்காவி நிறத்தில் தனித்தடம் தீட்டப்பட்டது.

தனித்தடத்தில் சரக்கு வண்டியை நிறுத்தி இறக்குபவர்களை வண்ணப்பூச்சு மட்டும் தடுக்காது. பேருந்துத் தடத்தில் நுழையும் வாகனங்களைக் கேமரா கொண்டு படம்பிடித்து அபராதம் விதிக்க மாநிலச் சட்டமன்றம் அதே ஆண்டில்தான் அனுமதி கொடுத்தது. இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு அந்தச் சட்டமே.

வேடிக்கையான தடங்கலும் ஒன்று உண்டு. விரைவுப் பேருந்தைத் தூரத்திலேயே அடையாளம் காண முகப்பில் நீல விளக்குகள் மின்னின. நீல விளக்கு தன்னார்வத் தீயணைப்பு வீரர்களுக்கு உரியது என்றது மாநிலச் சட்டம். எனவே 2013 தொடக்கத்தில் அவை அணைக்கப்பட்டன.

பேருந்தால் முடிந்ததும் முடியாததும்

பயண நேரம் 15 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது, பயணிகளும் கூடினர். சுரங்கம் தோண்டாமல், ஓரிரு ஆண்டு ஆயத்தத்தில் கிடைத்த பலன் இது. சுரங்க நிலையங்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லாத நகரத்தில், முழங்காலிடுவதுபோல் தரையோடு தாழ்ந்து நிற்கும் பேருந்து, முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் செல்வோருக்கும் ரயிலைவிடப் பயன்பட்டது.

ஆயினும் லெக்சிங்டன் நெரிசலை எம்15 தீர்க்கவில்லை, தீர்த்திருக்கவும் முடியாது. பத்துப் பெட்டி ரயில் ஒன்று ஆயிரம் பேருக்குமேல் சுமக்கும்; நீண்ட பேருந்து நூறு பேரைச் சுமந்தாலே அதிகம். நெரிசல் வேளையில் மணிக்கு இருபதுக்கும் மேற்பட்ட விரைவு ரயில்கள் ஓடும் பாதை அது. அவற்றில் ஓரிரண்டின் கூட்டத்தை இறக்கிவிடவே இருபது பேருந்துகள் கூடுதலாக வேண்டும்.

2017 ஜனவரி 1 அன்று இரண்டாம் அவென்யூப் பாதையின் முதல் பகுதி திறக்கப்பட்டது. 72, 86, 96ஆம் தெருக்களில் மூன்று புதிய நிலையங்கள். செலவு ஏறத்தாழ 445 கோடி டாலர். அருகிலிருந்த லெக்சிங்டன் நிலையங்களில் பயணிகள் எண்ணிக்கை கால்பங்குக்கு மேல் குறைந்தது. பேருந்தால் ஆகாததை ரயில் செய்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்தப் பாதை மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. அது சென்றடைந்தது வசதி படைத்த மேல் கிழக்குப் பகுதியை. எம்15 ஓடுவது 13 கிலோமீட்டருக்கும் மேல்: வடக்கே கிழக்கு ஹார்லெம் தொடங்கி, மருத்துவமனை வரிசையைக் கடந்து, கீழ் கிழக்குப் பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வழியாகத் தெற்கு முனைப் படகுத்துறை வரை. ரயில் பாதையின் இரண்டாம் கட்டம் ஹார்லெமின் 125ஆம் தெருவை நோக்கி வடக்கே செல்கிறது. 63ஆம் தெருவுக்குத் தெற்கே இரண்டாம் அவென்யூவின் அடியில் இன்னும் ரயில் ஓடவில்லை; அங்கே நிறுத்தத்தில் சீட்டைக் கிழித்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு வந்தது எம்15தான்.