மிஸ்டர் சொர்க்கம் கட்டிய வீடு

விடுமுறைக்கு வீடு வேண்டுமா? ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு பேர் தங்கலாம். எதிரே கடல். டி.வி. கிடையாது. சமையலை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்பக்கமாக மேட்டில் ஏறி, தீவின் அந்தப் பக்கத்துக்கு நடந்தால் பஃபின் பார்க்கலாம்.

பஃபின் என்றால் பறவை. கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, ஆரஞ்சுக் கால். சர்க்கஸ் கோமாளிக்குப் பெயின்ட் அடித்தது போல ஒரு மூக்கு.

வீட்டின் பெயர் மில்கோம்ப் ஹவுஸ். தீவின் பெயர் லண்டி. இங்கிலாந்தின் டெவன் கடற்கரையிலிருந்து சுமார் 19 கிலோ மீட்டர் தள்ளி, பிரிஸ்டல் கால்வாயில் கிடக்கிறது. ஐந்து கிலோ மீட்டர் நீளம், ஒரு கிலோ மீட்டர் அகலம். அவ்வளவுதான் தேசம். அந்தக் காலத்தில் கப்பலில் வந்த ஸ்காண்டிநேவியர்கள் வைத்த பெயர் அது. அவர்கள் பாஷையில் 'லண்டி' என்றால் பஃபின் தீவு.

ஆக, வீட்டுக்காரர் யார் என்பது பெயரிலேயே இருக்கிறது. இது புரியாமல் பல பேர் அங்கே வந்து நாட்டாமை செய்ததுதான் லண்டியின் சரித்திரம்.

தாமஸ் பென்சன் என்றொரு கில்லாடி. பார்ன்ஸ்டபிள் தொகுதி எம்.பி. 1748-ல் தீவைக் குத்தகைக்கு எடுத்தார். கைதிகளைக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கு நாடு கடத்த அரசாங்கத்திடம் ஒப்பந்தமும் வாங்கியிருந்தார். தலைக்கு இவ்வளவு என்று காசு. காசை வாங்கிக்கொண்டார். கைதிகளை அமெரிக்காவுக்கு அனுப்பாமல் லண்டியில் இறக்கி, சுவர் கட்ட வைத்தார். என்னய்யா இது என்று கேட்டபோது பதில் தயாராக இருந்தது. இங்கிலாந்தை விட்டு வெளியேற்றுவதுதானே என் வேலை, எங்கே கொண்டு போனால் என்ன?

அத்தோடு விட்டாரா? 1752-ல் நைட்டிங்கேல் என்ற தன் கப்பலுக்கும் சரக்குக்கும் இன்ஷூரன்ஸ் எடுத்தார். சரக்கை லண்டியில் ரகசியமாக இறக்கிவிட்டு, கப்பலை நடுக்கடலில் கொளுத்தச் சொன்னார். நான் பி.காம். படித்தபோது இன்ஷூரன்ஸ் பாடத்தில் 'உச்சபட்ச நல்லெண்ணம்' என்று ஒரு கோட்பாட்டை உருப்போட வைத்தார்கள். இந்த ஆசாமியின் கதையைச் சொல்லியிருந்தால் ஒரே நாளில் புரிந்திருக்கும். குட்டு வெளிப்பட்டது. கேப்டனைத் தூக்கில் போட்டார்கள். முதலாளி போர்ச்சுகலுக்கு ஓடித் தப்பித்துவிட்டார். வழக்கம்போல.

அடுத்து வந்தவர்தான் நம் மில்கோம்ப் வீட்டைக் கட்டியவர். 1830-களில் தீவை விலைக்கு வாங்கினார். பெயர் வில்லியம் ஹட்சன் ஹெவன். ஹெவன் என்றால் சொர்க்கம். ஊர் சும்மா இருக்குமா? லண்டிக்கு 'பரலோக ராஜ்ஜியம்' என்று பட்டப் பெயர் விழுந்தது. விலை 9,400 கினி. கடலைப் பார்த்த பள்ளத்தாக்கில் நேர்த்தியான ஒரு மாளிகை. கூரையை உள்பக்கம் சரிவாக அமைத்து, மழைநீரைச் சேமிக்க வழி செய்தார். புத்திசாலிதான்.

பணம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஹெவன் குடும்பத்துக்கு ஜமைக்காவில் எஸ்டேட்டுகள் இருந்தன. உழைத்தவர்கள் அடிமைகள். 1833-ல் பிரிட்டன் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டது. நஷ்டஈடாக இரண்டு கோடி பவுண்டு ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளுக்கு என்று நினைத்தால் நீங்கள் ரொம்ப நல்லவர். முழுத் தொகையும் எஜமானர்களுக்கு! 'சொத்து' கைவிட்டுப் போகிறதே, பாவம். அப்படி வந்த பணமும் சேர்ந்துதான் லண்டி. தீவை இன்று நிர்வகிப்பவர்கள் இதை மறைப்பதில்லை. அந்த வீட்டின் வரவேற்பறையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது எனக்கென்றால் இது ஞாபகம் வந்துகொண்டேதான் இருக்கும்.

1918-ல் ஹெவன் குடும்பம் தீவை விற்றது. 1925-ல் மார்ட்டின் கோல்ஸ் ஹார்மன் என்கிற லண்டன் வியாபாரி வாங்கினார். அவருக்கு ராஜா ஆசை. 1929-ல் சொந்தமாக நாணயம் அடித்தார். ஒரு பக்கம் அவர் தலை, மறுபக்கம் பஃபின். ஒரு பஃபின், அரை பஃபின் என்று மதிப்பு. ஒரு பென்னி, அரை பென்னிக்குச் சமம். தபால் தலையும் போட்டார். தபால் தலையைப் பொறுத்துக்கொண்ட அரசு, நாணயத்தைப் பொறுக்கவில்லை. வழக்கு, 5 பவுண்டு அபராதம். அப்பீல் போய் 1931-ல் அங்கேயும் தோற்றார்.

சிரிக்கலாம். ஆனால் அவர் பறவைகளை மதித்தார், பஃபினை நாணயத்தில் ஏற்றியது சும்மா இல்லை. அந்த வீட்டுப் பிள்ளை ஜான் ஹார்மன் என்ன ஆனார் தெரியுமா? 1944 ஏப்ரலில் நம் நாகாலாந்தில், கோஹிமா போரில் ஜப்பானியரை எதிர்த்துச் செத்தார். இறந்த பிறகு விக்டோரியா கிராஸ் விருது. லண்டியில் ஒரு பழைய கல்குவாரியில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது.

1969-ல் தீவு விற்பனைக்கு வந்தது. ஜாக் ஹேவர்ட் என்ற செல்வந்தர் ஒன்றரை லட்சம் பவுண்டு கொடுக்க, நேஷனல் டிரஸ்ட் வாங்கி, லேண்ட்மார்க் டிரஸ்டிடம் குத்தகைக்கு விட்டது. பழைய கட்டடங்களைச் செப்பனிட்டு விடுமுறை வாடகைக்கு விடுவது இவர்கள் வேலை. வாடகைப் பணத்தில் கட்டடம் பிழைக்கும். நல்ல கணக்கு.

கட்டடம் பிழைத்தது. பறவை?

2000-ல் பஃபின்களை எண்ணினார்கள். தீவு முழுக்க 13. ஆயிரக்கணக்கில் இருந்த இடத்தில்!

காரணம், எலி. யார் யாரோ ஓட்டி வந்த கப்பல்களில் வந்து இறங்கியவை. பஃபின் மண்ணில் வளை தோண்டி, வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும். எலிக்கு அது வாசலில் வைத்த சாப்பாடு.

2002 முதல் 2004 வரை விஷம் வைத்து எலிகளை ஒழித்தார்கள். எதிர்ப்பு வராமல் இல்லை. அங்கே இருந்த கறுப்பு எலி, பிரிட்டனிலேயே மிக அரிதான பாலூட்டிகளில் ஒன்று. ஒரு அரிய உயிரைக் காப்பாற்ற இன்னொரு அரிய உயிரைக் கொல்வதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பென்சனின் கைதிகளைப் போல எலிகளும் விரும்பி வந்தவை அல்ல. ஆனால் கறுப்பு எலிக்கு உலகெங்கும் துறைமுகங்கள் உண்டு, லண்டி பஃபினுக்கு லண்டிதான் உண்டு. என் ஓட்டு பஃபினுக்கு. கொஞ்சம் சங்கடத்தோடு.

2006-ல் எலியில்லாத் தீவு என்று அறிவித்தார்கள். 2023-ல் எண்ணியபோது பஃபின் 1,335. மேங்க்ஸ் ஷியர்வாட்டர் என்றொரு கடல்பறவை, அதுவும் வளையில் முட்டையிடுவது, 2001-ல் 297 ஜோடி; 2023-ல் 12,000 ஜோடிக்கு மேல். பகலில் கடலிலேயே இருந்துவிட்டு, இருட்டிய பிறகுதான் வளைக்குத் திரும்பும். கத்தினால் பேய் அலறுவது மாதிரி இருக்கும். மில்கோம்ப்பில் தங்குகிறவர்கள் பயப்பட வேண்டாம்.

போவதாக இருந்தால் ஒரு விஷயம். ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் போங்கள். ஆகஸ்டில் வீடு இருக்கும், கடல் இருக்கும், தபால் தலையில் பஃபின்கூட இருக்கும். நிஜ பஃபின்கள் கடலுக்குக் கிளம்பிப் போயிருக்கும்.