கார் ஸ்பிரிங்கும் மாமாவின் மொறிஸ் மைனரும்

போன கோடையில் ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டு வாசலில் வைத்து என் காருக்கு நானே புது ஸ்பிரிங் பூட்டினேன். கம்பனி போட்டுத் தந்ததைக் கழற்றிவிட்டு, காரை 30 மில்லிமீற்றர் பதிக்கிற ஸ்பிரிங். ஜாக்கை மட்டும் நம்பாமல் காரை ஸ்டாண்டில் நிறுத்தி, சில்லைக் கழற்றி, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவியைப் போட்டு மெல்ல மெல்ல முறுக்கினேன். அழுத்திய ஸ்பிரிங் வழுக்கினால் கையோ முகமோ போய்விடும். அந்த இடத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது.

மாமா தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நின்றார். “காசு குடுத்துக் காரைப் பதிக்கிறியோ தம்பி? நாங்கள் ஊரில உயர்த்தத்தானே பாடுபட்டனாங்கள்” என்றார். அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். ஆனால் அது தொடங்குவது யாழ்ப்பாணத்தில் இல்லை. எங்கள் லம்பெத்தில்.

1804இல் லம்பெத்தைச் சேர்ந்த ஒபதையா எலியட் என்ற வண்டி செய்பவர் ஒரு காப்புரிமை பெற்றார். வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த வில்லின் மேல் குதிரை வண்டியை இருத்தும் முறை அது. குதிரை போய் எஞ்சின் வந்த பிறகும் அந்தத் தகட்டு வில் போகவில்லை.

அடுத்த ஆள் அலெக் இசிகோனிஸ். 1906இல் ஸ்மேர்னாவில் பிறந்தவர். அந்த நகரம் இன்று துருக்கியின் இஸ்மிர். 1922இல் போர் நகருக்குள் வந்தபோது குடும்பம் கப்பலேறி மோல்ட்டாவுக்கு ஓடியது. தகப்பன் அங்கேயே இறந்தார். தாயும் மகனும் லண்டன் வந்து சேர்ந்தார்கள். ஸ்ட்ரெதமிலிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கும் பட்டர்சீயில், பொலிரெக்னிக்கில் அவர் பொறியியல் படித்தார். கணிதத்தில் மூன்று தரம் பெயில். (கணக்கு ஓடாத தம்பி தங்கைகள் கவனிக்கவும்.)

பிறகு அவர் மொறிஸ் கம்பனியில் சஸ்பென்சன் வடிவமைப்பாளர் ஆனார். 1930களில் ஒரு நண்பரோடு சேர்ந்து சின்னப் பந்தயக் கார் ஒன்றையும் கராஜில் சொந்தக் கையால் செய்தார். அதன் ஸ்பிரிங் இரும்பு இல்லை, றப்பர்! 1948இல் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அவருடைய மொறிஸ் மைனர் வெளிவந்தது. முன்னால், முறுக்கினால் திரும்பி வரும் நீண்ட இரும்புக் கம்பி. பின்னால், எலியட் காலத்து உறவான தகட்டு வில். சுமார் 16 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன. அவற்றில் ஒன்றைத்தான் என் தாத்தா யாழ்ப்பாணத்தில் வாங்கினார்.

1990இல் சண்டை திரும்பத் தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, வாகன உதிரிப்பாகம் இல்லை. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கார் என்றால் அப்போது உலாப் போவதற்கல்ல. பிள்ளைப்பேற்றுக்கும் காயத்துக்கும் ஆசுப்பத்திரிக்கு ஓடுவதற்கு. ஆளும் மூட்டையும் ஏற்றி ஏற்றி, குண்டும் குழியுமான வீதியில் ஓடி, தாத்தாவின் காரின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது.

மாமாவுக்கு அப்போது உங்கள் வயது. ஓடாமல் கிடந்த இன்னொரு காரின் வில்லிலிருந்து ஒரு தகட்டை எடுத்தார். அளவுக்கு வெட்டி, மைனரின் வில்லைப் பிரித்து இடையில் செருகி, யூ போல்டைப் போட்டு இறுக்கினார். தகடு கூடினால் வில் விறைப்பாகும். அதே பாரத்துக்குக் குறைவாக வளையும். பொலிரெக்னிக் படிப்பு இல்லாமலே அவருக்கு அது விளங்கியிருந்தது.

1995 ஒக்டோபர் 30. இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டது. கூடுதலான ஆட்கள் நடையிலும் சைக்கிளிலும். அம்மம்மாவையும், நடக்க ஏலாத இரண்டு அயல் கிழவிகளையும் மாமா மைனரில் ஏற்றினார். மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கிக் கார் ஆமை மாதிரி ஊர்ந்தது. “வில்லு முறிஞ்சால் ஆச்சிமாரை ஆர் தூக்கிறது எண்டுதான் யோசிச்சுக்கொண்டு போனனான்” என்றார் மாமா. முறியவில்லை.

பட்டர்சீயில் படித்த ஓர் அகதிப் பெடியனின் கார் எங்கள் அகதிகளைச் சுமந்தது என்பது மாமாவுக்குத் தெரியாது. நான் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

வேலை முடிந்ததும் இன்சூரன்சுக்கு மாற்றத்தை அறிவித்தேன், நீங்களும் மறக்காதீர்கள். பிறகு மாமாவை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனேன். இரண்டாவது வேகத்தடையிலேயே “ஐயோ, நாரி” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பழைய ஸ்பிரிங்குகளைக் குப்பையில் போடப் போனேன். மாமா என் கையைப் பிடித்தார். “எறியாதை. ஒரு நாளைக்குத் தேவைப்படும்.”

அவை இப்போதும் எங்கள் ஷெட்டில் இருக்கின்றன.