காலியாக விடமுடியாத கட்டம்

1

எம்.ஏ. தமிழ் முடித்து வேலையில்லாமல் இருந்த காலத்தில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் ராத்திரி ஷிப்ட் பார்த்தேன். 'டிரைவர்களைக் கவனிக்கிற வேலை' என்றதும் ஆவடி டீக்கடைத் தோழர்கள், 'லாரியா, கால் டாக்ஸியா?' என்றார்கள். ரெண்டும் இல்லை. ஒரு பெரிய நிறுவனத்தில் ஓர் ஆளின் பெயர் பல இடங்களில் கிடக்கிறது: சம்பளப் பட்டியலில், மின்னஞ்சலில், கேட்டில் காட்டும் அட்டையில். ஒன்றில் மாறினால் மற்றவற்றிலும் மாறவேண்டும். நடுவே ஒரு மையப் பதிவேடு. அதற்கும் ஒவ்வொரு பட்டியலுக்கும் இடையில் மாற்றங்களைச் சுமந்து போய்வரும் மென்பொருளுக்குத்தான் டிரைவர் என்று பெயர். கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டி அவற்றை ஓட்டுவதும் நிறுத்துவதும் என் வேலை. நிலவரம் கேட்டால் திரை எண்ணால் பதில் சொல்லும்: 0 என்றால் நின்றுவிட்டது, 1 கிளம்புகிறது, 2 ஓடுகிறது, 3 நிற்கப்போகிறது.

அந்த ராத்திரிகளில் திரும்பத் திரும்ப என் காலை இடறிய ஒரு கட்டம் உண்டு. 'சர்நேம்' என்கிற கட்டம். அதன் வரலாற்றைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2

1988இல் தந்தி, தொலைபேசிக்கான சர்வதேச ஆலோசனைக் குழு, எக்ஸ்.500 என்ற பெயரில் ஒரு தரநிர்ணயத்தை வெளியிட்டது. உலகம் முழுவதற்குமான மின்னணு விலாசப் புத்தகம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கான இலக்கணம் அது. அதில் 'மனிதர்' என்றொரு வகைமை. மனிதராகப் பதிவாக இரண்டு கட்டங்கள் கட்டாயம்: ஒன்று வழக்குப் பெயர், மற்றொன்று சர்நேம். தொலைபேசி எண் இல்லாமல் இருக்கலாம், விலாசம் இல்லாமல் இருக்கலாம். சர்நேம் இல்லாத மனிதர் அந்த இலக்கணத்தில் இல்லை. 1993இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இதன் எளிய வடிவமான எல்டாப் உருவானபோதும் இந்த விதி அப்படியே கடத்தப்பட்டது. அதே ஆண்டு நாவெல் கம்பெனி நெட்வேர் 4 உடன் கொண்டுவந்த பதிவேட்டிலும் பயனாளர் என்றால் சர்நேம் கட்டாயம். அந்தப் பதிவேட்டையும் பிற பட்டியல்களையும் ஒத்திசைக்க, 2000 வாக்கில் டிர்எக்ஸ்எம்எல் வந்தது. நான் ஓட்டிய டிரைவர்கள் அதன் வாரிசுகள்.

குடும்பப் பெயர் கடைசியில் வரும், அதை வைத்து அகரவரிசை போடலாம் என்கிற ஐரோப்பிய டெலிபோன் டைரக்டரியின் பழக்கம், 'மனிதர்' என்ற சொல்லுக்கே வரையறையாகிவிட்டது. யாரும் சதி செய்யவில்லை. யாரும் யோசிக்கவும் இல்லை. ஒரு வட்டாரத்தின் வழக்கம் உலகப் பொதுமையாக வேடங்கட்டுவது பெரும்பாலும் இப்படித்தான்.

3

நம்மிடம் அந்தக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது? இயற்கையாகவே காலியாக இருந்ததல்ல, காலி செய்யப்பட்டது என்பதை நாம் மறந்துவிட்டோம். முன்னால் ஊரும் அப்பாவும் இனிஷியலாக, நடுவில் பெயர், வாலில் ஜாதிப் பட்டம் என்பதே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'மரியாதைப்பட்ட' தமிழ் ஆணின் பெயர் வடிவம். 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில், ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் தலைமையில் நடந்த முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, ஜாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டுமென்று தீர்மானித்தது. பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் நடந்த காரியம். அடுத்த இரண்டு மூன்று தலைமுறைகளில் அந்த வால் பொது வழக்கிலிருந்து உதிர்ந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கப்பட்ட பின் அங்கே வேலைக்குப் போன எங்கள் அப்பா தலைமுறை, ஓர் இனிஷியலும் ஒரு பெயருமாகத்தான் கேட்டைத் தாண்டியது.

இதைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. இனிஷியல் அப்பனுடையது. கல்யாணமானதும் பெண்ணுக்கு அது புருஷனுடையதாகிறது. பதிவேடு அவளை இன்னொரு ஆளாகப் பார்க்கிறது. ஜாதியும் எங்கும் போய்விடவில்லை, 'சொந்த ஊர் எது, எந்தத் தெரு?' என்ற கேள்விக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனாலும் ஒரு கூட்டம் தன் பெயரின் வாலைத் தானே வெட்டிக்கொண்ட அரசியல் செயல் அது. அந்த வெட்டின் தழும்புதான் நம் காலிக் கட்டம்.

4

மென்பொருள் தழும்பைப் பார்ப்பதில்லை. 'கட்டாயப் புலம் காலி' என்று பிழை காட்டும். பிழை வந்தால் ஆள் பதிவாகமாட்டார். பதிவாகாவிட்டால் காலையில் அட்டை கேட்டைத் திறக்காது. அதனால் ஒரு விதி எழுதி வைத்திருந்தார்கள்: இனிஷியலை விரித்து அப்பா பெயரை சர்நேமாகப் போடு, அதுவும் இல்லையென்றால் ஒரு புள்ளி வை. ராத்திரி ஒரு கட்டளை தட்டினால் நூற்றுக்கணக்கான பேருக்கு அப்பா கடைசிப் பெயராகிவிடுவார். பெண்களை அவர்களுடைய அப்பா பெயரால் 'டியர் மிஸ்டர்' என்று விளிக்கும் கடிதங்கள் போயின. தட்டியது நான்தான்.

2018இல் அம்பத்தூர் வட்டம் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தபோது, ஊழியர்களின் மாவட்டத்தையும் இப்படித்தான் மாற்றினோம். ஒரே ராத்திரி, யாரையும் கேட்கவில்லை. அரசு சொன்னால் பதிவேடு உடனே கேட்கும்.

ஒத்திசைவில் 'எது அதிகாரபூர்வ மூலம்?' என்றொரு கேள்வி உண்டு. ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு பட்டியல் எஜமான். மற்றவை அதைப் பின்பற்றும். பெயருக்கு எஜமான் மனிதவளத்துறைப் பட்டியல். பெயருக்குரியவர் அந்த வரைபடத்தில் எங்குமே இல்லை. இதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது, வார்ப்பட ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவை சேமநிதிப் பணத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப்போனபோது. ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், மூன்றாவதில் தாத்தா பெயர் முழுசாக. 'இந்த மூணு பேரும் ஒரே ஆளுன்னு எதை வச்சு நம்புறது சார்?' என்றார் அங்கிருந்தவர். 'நான்தான் எதிர்ல நிக்கிறேனேப்பா' என்றார் அப்பா.

அது சான்றாகவில்லை. நான்கு மாதம் அலைந்தோம்.

அப்பாவின் கதை தனிக்கதை அல்ல. ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம். பான் அட்டையில் சர்நேம் தனிக் கட்டம், இனிஷியலை விரித்தே எழுதவேண்டும். 2017இல் வருமான வரிச் சட்டத்தில் சேர்ந்த 139ஏஏ பிரிவு இரண்டையும் இணைக்கச் சொன்னது. இணைக்காதவர்களின் பான், 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தது. இரண்டு வேறு இலக்கணங்களில் எழுதிய ஒரே பெயர் பொருந்தவில்லையென்றால், திருத்தவேண்டியது இலக்கணம் அல்ல, ஆள். ஒற்றைப் பெயரோடு அமெரிக்கா போகிறவரின் பெயரே விசாவில் சர்நேம் ஆகிவிடுகிறது. காலியான முன்பெயர்க் கட்டத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமான 'எஃப்என்யு' ஏறுகிறது. அப்புறம் அலுவலகத்தில் அதுவே அவர் பெயராகிவிடும்.

இதில் ஒரு நகைமுரண். இந்த மென்பொருளே தன் குடும்பப் பெயரை எத்தனை தடவை மாற்றியிருக்கிறது! நாவெல்லை 2011இல் அட்டாச்மேட் வாங்கியது, 'நெட்ஐக்யூ' ஆனது, 2014இல் மைக்ரோ ஃபோகஸ், 2023இல் ஓப்பன்டெக்ஸ்ட். ஆனால் நாங்கள் தட்டிய கட்டளையின் பெயர் 'டிஎக்ஸ்சிஎம்டி', முதல் பெயரான டிர்எக்ஸ்எம்எல்லின் மிச்சம். அதை யாரும் 'நீ அதே ஆள்தானா?' என்று கேட்கவில்லை.

5

டிரைவரை நிறுத்துவதில் இரண்டு வகை உண்டு. வெறுமனே நிறுத்தினால், இடைப்பட்ட மாற்றங்கள் ஒரு கோப்பில் சேர்ந்துகொண்டே இருக்கும். மறுபடி கிளப்பியதும் வரிசையாகப் பாயும். முழுதாக முடக்கினால் அந்தக் கோப்பே அழிந்துவிடும். மறுபடி இயக்கும் வரை எதுவும் சேராது.

செங்கல்பட்டில் நாம் நிறுத்தினோம். முடக்கினோமா?

ஒரு முறை, சர்நேமை ஊழியர்களே நிரப்பட்டும் என்று படிவம் அனுப்பினார்கள். பெரும்பாலோர் அப்பா பெயரைப் போட்டார்கள். சிலர், என் வயதுக்காரர்கள், தாத்தா விட்ட பட்டத்தை எழுதினார்கள். 'ஏதாவது போடணும்ல?' என்றார் ஒருவர், கூச்சமேயில்லாமல். தொண்ணூறு வருஷம் கோப்பில் காத்திருந்தது வரிசையாகப் பாய்ந்துவிட்டது.

எக்ஸ்.500ஐ நாம் திருத்தப்போவதில்லை. ஆனால் அந்தக் கட்டம் எதையாவது கேட்கிறதே தவிர, நிஜமாகவே குடும்பப் பெயர்தானா என்று சோதிப்பதில்லை. இரண்டு கட்டத்திலும் ஒரே பெயரை எழுதலாம். மென்பொருள் முணுமுணுக்காமல் ஏற்கும். வேலையை விடுவதற்கு முந்தைய ராத்திரி, என் பதிவில் அப்பா பெயரை எடுத்துவிட்டு என் பெயரையே இரண்டு தடவை எழுதினேன். டிரைவர் நிலவரம் கேட்டேன். 2 என்றது.

விடியும்போது மனிதவளத்துறைப் பட்டியல் விழித்தது. அதிகாரபூர்வ மூலம் அதுதானே. பழைய பெயர் திரும்பி வந்துவிட்டது.