எப்ப வந்தீங்க?

ஊர்ப்பக்கம் புதிதாக ஒருவரைப் பார்த்தால் "நீங்க எந்த ஆளுங்க?" என்று சுற்றிவளைத்துக் கேட்பார்கள். இங்கே புரோத்ராபூரில் கேட்பது, "எப்ப வந்தீங்க?" சாதாரண விசாரிப்புதான். ஆனால் அந்தமானில் யாருக்கு நிலம், யாருக்குச் சலுகை என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது இதற்கான பதில்தான்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1858 மார்ச்சில் வெள்ளைக்காரர்கள் இங்கே கைதிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நன்னடத்தைக் கைதிகள் கல்யாணம் செய்து குடியேறலாம் என்றார்கள். பெண்களோ குறைவு. சாதி, மொழி பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? கலந்தார்கள். பொதுமொழி இந்துஸ்தானி ஆயிற்று. அவர்கள் வாரிசுகள்தான் 'லோக்கல் பார்ன்'. சாதியின் பிடி இங்கே தளர்ந்தது இப்படித்தான், சீர்திருத்தத்தால் அல்ல.

அந்த இடத்தில் வேறு அளவுகோல் வந்து உட்கார்ந்தது. 1942இல் ஜப்பானியர் தீவைப் பிடித்தார்கள். அந்த வருஷமே பின்னாளில் எல்லைக்கோடு ஆனது. அதற்கு முன் குடியேறியவர்களின் சந்ததி 'ப்ரீ-42'. அவர்களுக்குச் சலுகை உண்டு. 1949 முதல் வந்த கிழக்கு வங்காள அகதிக் குடும்பங்களுக்கு அரசுத் திட்டப்படி வயலும் மேடுமாகச் சுமார் 10 ஏக்கர் கிடைத்தது.

1918 முதல் காடு வெட்ட அழைத்துவரப்பட்ட ராஞ்சிக்காரர்கள்? சொந்த மண்ணில் பழங்குடிகள். இங்கே பழங்குடிப் பட்டியலில் அவர்கள் இல்லை.

நம்மவர்கள்? 2011 கணக்கெடுப்பில் இங்கே தமிழ் பேசுவோர் சுமார் 15 சதவீதம். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அழைத்துவரப்பட்ட இலங்கை மலையகக் குடும்பங்கள் போல ஒரு சிலரைத் தவிர, பெரும்பாலோர் கூலி வேலைக்கோ வியாபாரத்துக்கோ தாங்களாகவே கப்பலேறியவர்கள். திட்டத்தில் பெயர் இல்லை, எனவே நிலமும் இல்லை. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் என்று இந்தத் தீவுகளுக்கு ஒன்று அறிவிக்கப்படவே இல்லை. ஒரு மாநிலத்தின் பட்டியல் தகுதி, இடம்பெயர்ந்தவர் கூடவே அடுத்த மாநிலத்துக்கு வராது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் சொல்லிவிட்டது. கடல் தாண்டியவரிடம் சலுகை போய்விட்டது; சாதி மட்டும் கல்யாணப் பேச்சில் திரும்பி வந்துவிடுகிறது!

இதன் விளைவு என்ன? வங்கிக்காரனுக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். நிலம் இருந்தால் அடமானம். அடமானம் இருந்தால் கடன். கடனில் கடை, வீடு, பிள்ளையின் படிப்பு. இன்னொருவர் அதே உழைப்பை வாடகையாகக் கொடுத்துத் தீர்க்கிறார். இரண்டு தலைமுறை போனால் வித்தியாசம் கூட்டுவட்டி மாதிரி ஏறி நிற்கும். அப்போது, "அவங்க உழைச்சாங்க, முன்னுக்கு வந்தாங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். ஆரம்ப முதலை யார் போட்டது என்று எவரும் கேட்பதில்லை.

முதலில் வந்தவருக்கே உரிமை என்று வாதிடுவோருக்கு ஒரு கேள்வி. அப்படியானால் இந்தத் தீவில் முதல் பாத்தியதை யாருக்கு? 1858இல் சில ஆயிரம் பேராக இருந்த கிரேட் அந்தமானியர்கள், 1877இன் தட்டம்மை போன்ற நோய்களுக்குப் பலியாகி, 2011 கணக்கெடுப்பில் வெறும் 44 பேர். எல்லோருக்கும் முன்னால் இருந்தவர்களே எல்லாவற்றையும் இழந்தார்கள். ஆக, வந்த வருஷம் என்பது ஒரு சாக்குதான். பட்டியலை எழுதியது யார், யாரை வைத்து எழுதினார்கள் என்பதே விஷயம்.

துபாயோ சிங்கப்பூரோ, நீங்கள் இருக்கும் ஊரிலும் உங்களுக்குப் பின்னால் வந்தவர் ஒருவர் இருப்பார். அவரிடம் "எப்ப வந்தீங்க?" என்று கேட்கும்போது, என்ன தொனியில் கேட்கிறோம் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.